மூன்று லைன், எட்டு போன்: சின்ன அலுவலகத்தில் வெளி லைன்களைப் பங்கிட்டு அமைப்பது எப்படி?

நாமக்கல்லில் ஒரு முட்டை மொத்த வியாபாரியின் அலுவலகம். விலை மாறும் நாளில் அங்கே போன் ஓயாது. கேரளாவிலிருந்து ஒரு பார்ட்டி, பெங்களூரிலிருந்து ஒரு பார்ட்டி, நடுவில் லாரி டிரைவர்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டபோது சொன்னது ஒரே குறைதான்: "ஏனுங்க, மூணு லைன் வச்சிருக்கேன். ஆனா எப்ப அடிச்சாலும் எங்கேஜ்டுங்கறாங்க. பொட்டி கெட்டுப்போச்சுங்களா?"

போய்ப் பார்த்தேன். வெளி லைன்களை உள்ளே உள்ள போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டிதான் அவர் சொன்ன பொட்டி. அதில் பழுது எதுவும் இல்லை. கணக்குப் பையன் ஒரு லைனில் வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்குக் காத்திருந்தான். கிடங்கிலிருந்து ஒருவர் இன்னொரு லைனில் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது லைனில் யாரோ ஹோல்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை ஹோல்டில் போட்டவர் டீ குடிக்கப் போய்விட்டார். போர்டில் அச்சிட்ட எண்ணுக்கு வெளியூர்ப் பார்ட்டி எப்படி வர முடியும்?

இந்த வேலையில் பத்தில் எட்டு பங்கு காகிதத்தில் முடிகிறது. எந்த லைன் வந்தால் எந்தப் போன் அடிக்க வேண்டும், எந்தப் போனிலிருந்து எந்த லைனில் வெளியே போகலாம் என்று யாரும் முடிவு செய்யாமல், பெட்டி கடையிலிருந்து வந்தபடியே மாட்டிவிட்டுப் போனால் இப்படித்தான் ஆகும். வந்தபடி விட்டால் எல்லாப் போனும் எல்லா லைனுக்கும் அடிக்கும், எல்லோரும் எல்லா லைனிலும் வெளியே போவார்கள்.

கீழே நான் சொல்வது பானசோனிக் கே.எக்ஸ்-டி.இ.எஸ். 824 பெட்டியை வைத்து. அடிப்படையில் 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷன், அதாவது உள்ளே வைக்கும் போன். அட்டைகள் சேர்த்தால் 8 லைன், 24 எக்ஸ்டென்ஷன் வரை போகும். நம் ஊர்ச் சிறு அலுவலகங்களில் அதிகம் கண்ணில் படும் பெட்டி இது. பானசோனிக் இந்த வகைப் பெட்டிகளைச் செய்வதை நிறுத்திவிட்டாலும் பழைய பெட்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. உங்களிடம் வேறு கம்பெனிப் பெட்டி இருந்தாலும் முடிவுகள் எல்லாம் இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

முதலில் இரண்டு வழிகளைப் பிரித்துப் பாருங்கள்

வெளி லைனைப் பகிர இரண்டு முறை உண்டு. ஒன்று, ஒவ்வொரு லைனுக்கும் போனில் ஒரு பட்டன். விளக்கைப் பார்த்தே எந்த லைன் காலி, எது பேச்சில் இருக்கிறது, எது ஹோல்டில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதற்குக் கீ போன் வேண்டும். இன்னொன்று, 9 அழுத்தினால் பெட்டியே காலி லைன் ஒன்றைப் பிடித்துத் தருவது. இதற்குச் சாதாரண போன் போதும்.

சின்ன அலுவலகத்துக்கு இரண்டையும் கலப்பதுதான் சரி என்பது என் கருத்து. முன்மேசை, முதலாளி, லோடு போடும் மேசை, இந்த மூன்றுக்கும் கீ போன். மற்ற ஐந்துக்கும் சாதாரண போன். எல்லோருக்கும் கீ போன் வாங்கிக் கொடுத்த ஓர் இடத்தில் பார்த்தேன், பாதிப் பேர் பட்டன்களைத் தொடவே பயந்து 9 அழுத்தித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காகிதத்தில் போடும் கட்டம்

ஒரு தாளில் இடப்பக்கம் போன்கள், மேலே லைன்கள். இந்த அலுவலகத்தில் நாங்கள் முடிவு செய்தது இது.

லைன் 1: போர்டிலும் பில்லிலும் அச்சிட்ட எண். முக்கியமாக வருவதற்கு. வெளியே போக முன்மேசைக்கும் முதலாளிக்கும்தான் அனுமதி.

லைன் 2: முதல் லைன் பிஸியானால் அழைப்பு தாவி வரும் இடம். முன்மேசை, முதலாளி, லோடு மேசை மூவரும் வெளியேயும் பேசலாம்.

லைன் 3: வெளியே பேச. கணக்கு மேசைகள் இரண்டு, கிடங்கு உட்பட எல்லோருக்கும். பேக்கிங் கூடத்துக்கும் வாட்ச்மேன் அறைக்கும் பகலில் இது கூடக் கிடையாது, உள்ளுக்குள் மட்டும்.

முதலாளிக்கு முதலில் மனம் வரவில்லை. "மூணு லைனுக்குக் காசு கட்டறேன், ஒண்ணுல ஆறு பேரு நின்னா எப்படிங்க?" என்றார். ஆனால் அவர் கடைக்குப் பணம் வருவது உள்ளே வரும் அழைப்பில்தான். வெளியே பேச வேண்டியவர் ஐந்து நிமிடம் கழித்துப் பேசலாம். வெளியிலிருந்து வருபவர் எங்கேஜ்டு கேட்டால் அடுத்த வியாபாரிக்கு அடிப்பார். இதைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

இன்னொரு காரணமும் உண்டு, அது கொஞ்சம் தொழில்நுட்பமானது. நம் நாட்டு மணியோசை 0.4 வினாடி அடித்து, 0.2 நின்று, மீண்டும் 0.4 அடித்து, பிறகு 2 வினாடி அமைதி. வெளியிலிருந்து அழைப்பு வந்து இறங்கும் அந்த நொடியில், அல்லது இந்த இரண்டு வினாடி இடைவெளியில், உள்ளே ஒருவர் அதே லைனைப் பிடித்தால் டயல் டோனுக்குப் பதில் "ஹலோ, முட்டை என்ன விலைங்க?" என்று காதில் விழும். இருபுறமும் ஒரே லைனில் மோதிக்கொள்கிறார்கள். வருவது ஒன்றாம் லைனிலிருந்து மேலே ஏறட்டும், போவது மூன்றாம் லைனிலிருந்து கீழே இறங்கட்டும் என்று எதிரெதிராக அமைத்தால் இந்த மோதல் கிட்டத்தட்ட நின்றுவிடும்.

பெட்டியைத் தொடும் முன் லைன்களைச் சோதியுங்கள்

மூன்று லைனிலும் ஒரு சாதாரண போனை நேரடியாகச் செருகி, ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் கைப்பேசிக்கு அடித்துப் பாருங்கள். வந்த எண்ணை அந்த வயரிலேயே ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் பெட்டிக்குள் போனால் பிறகு இரண்டு மணி நேரம் வீண்.

மல்டிமீட்டர் இருந்தால், போன் எடுக்காத நிலையில் ஜோடி வயரில் டி.சி. 48 வோல்ட் அளவில் இருக்கும். எடுத்தால் பத்துக்கும் கீழே இறங்கும். எதுவும் இல்லையென்றால் லைன் செத்திருக்கிறது. எடுக்காமலே பத்துக்குக் கீழே இருந்தால் எங்கோ ஒரு இணைப் போன் சரியாக வைக்கப்படவில்லை, அல்லது வயர் ஷார்ட்.

இப்போது பெரும்பாலும் செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது. ஃபைபர் வந்து முடியும், சுவரில் மாட்டிய ஓ.என்.டி. பெட்டியின் பின்னால் இருக்கும் சின்ன போன் துளைதான் உங்கள் லேண்ட்லைன். அதிலிருந்து வரும் வயரை இபிஏபிஎக்ஸின் வெளி லைன் துளையில் செருகினால் வேலை செய்யும். ஆனால் ஓ.என்.டி.யில் இரண்டு போன் துளை இருக்கிறதே என்று இரண்டையும் செருகிவிடாதீர்கள். பல இணைப்புகளில் ஒன்றில்தான் எண் ஏற்றியிருப்பார்கள், மற்றது வெறும் துளை.

அப்புறம் மின்சாரம். செம்புக் கம்பிக் காலத்தில் லைனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது, வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபரில் அப்படி இல்லை. ஓ.என்.டி. அணைந்தால் போனும் அணையும். ஆகவே இபிஏபிஎக்ஸுக்கு யு.பி.எஸ். கொடுக்கும்போது ஓ.என்.டி.க்கும் அதே யு.பி.எஸ்.ஸிலிருந்து கொடுங்கள். பெட்டிக்கு மட்டும் கொடுத்துவிட்டு ஓ.என்.டி.யை வெறும் பிளக்கில் விட்ட அலுவலகங்களை எண்ணி முடியாது.

லைன் கொடுத்தவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஹன்டிங்: முதல் எண் பிஸியானால் அழைப்பு தானாக இரண்டாம் எண்ணுக்குத் தாவ வேண்டும். இது பெட்டி செய்யும் வேலை அல்ல, எக்ஸ்சேஞ்ச் செய்யும் வேலை. ஹன்டிங் தரமாட்டோம் என்றால், பிஸியானால் வேறு எண்ணுக்குத் திருப்பும் வசதியைக் கேளுங்கள். இரண்டாவது, கால் வெயிட்டிங்கை நிறுத்தச் சொல்லுங்கள். இதைப் பலர் மறப்பார்கள். கால் வெயிட்டிங் இருந்தால் லைன் பிஸி என்றே எக்ஸ்சேஞ்ச் நினைக்காது, அழைப்பு இரண்டாம் லைனுக்குத் தாவாது. கூப்பிடுபவருக்கு மணி அடித்துக்கொண்டே இருக்கும், இங்கே பேசிக்கொண்டிருப்பவரின் காதில் மட்டும் 'பீப்' என்று விழும்.

வயரிங்

நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. வெளியிலிருந்து வரும் ஜோடிகளைக் க்ரோன் கட்டையில் (வயர்களை அழுத்திச் செருகி இணைக்கும் கட்டை) ஒரு வரிசையாகவும் உள்ளே போகும் ஜோடிகளை இன்னொரு வரிசையாகவும் அடித்து, இரண்டுக்கும் பெயர் எழுதுங்கள். செம்பு லைனாக இருந்தால் இடிதாங்கிக் கட்டையும் நல்ல எர்த்தும் கட்டாயம். ஐப்பசி மழையில் ஒரு மின்னல் வெளி லைன் பகுதியை மொத்தமாகத் தின்றுவிடும். கீ போன் ஒன்று கட்டாயம் ஒன்றாம் ஜாக்கில், அதாவது பெட்டியின் முதல் எக்ஸ்டென்ஷன் துளையில், இருக்க வேண்டும், திரை உள்ள போனாக. புரோகிராம் செய்ய அது வேண்டும்.

எண்களை மாற்றுங்கள், இதைத் தவிர்க்காதீர்கள்

இந்தப் பெட்டி வந்தபடி எக்ஸ்டென்ஷன் எண்கள் 101, 102 என்று தொடங்கி எட்டாவது போனுக்கு 108 வரை போகும். கொஞ்சம் யோசியுங்கள். நம் ஊரில் 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ். கிடங்கில் ஒருவர் மயங்கி விழுந்தால் பதற்றத்தில் பையன் 108 அழுத்துவான். வாட்ச்மேன் அறையில் மணி அடிக்கும்.

அதனால் எண் திட்டத்தை 100 முதல் 499 வரை அனுமதிக்கும் இரண்டாம் திட்டத்துக்கு மாற்றி, போன்களுக்கு 201 முதல் 208 வரை கொடுத்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் எண் மாற்றும் இடம் புரோகிராமில் 009, உள்ளே நுழையும் வழி கீழே வருகிறது. அதோடு வெளியே பேசக்கூடிய ஒவ்வொரு போனிலும் ஒரு ஸ்டிக்கர்: "ஆம்புலன்ஸ் 9-108, அவசரம் 9-112".

வெளி லைன் பிடிக்கும் எண்ணாக 9 வைக்கலாமா, 0 வைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. பழைய ஆட்கள் 0 என்பார்கள். நான் 9 என்பேன். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து கைப்பேசிக்கு அடிக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. வெளி லைனுக்கும் 0 என்றால் ஒவ்வொரு கைப்பேசிக்கும் இரண்டு 0 அழுத்த வேண்டும். ஊழியர்கள் ஒன்றை மறப்பார்கள், "லைன் போகல" என்பார்கள். 9 என்றால் 9, பிறகு 0, பிறகு பத்து எண். குழப்பம் இல்லை.

புரோகிராமுக்குள் நுழைவது

ஒன்றாம் ஜாக்கில் உள்ள கீ போனில் புரோகிராம் பட்டனை அழுத்தி, நட்சத்திரம், ஹாஷ், பிறகு 1234. இதுதான் வந்தபடி உள்ள கடவு எண். வேலை முடிந்ததும் முதல் காரியமாக இதை மாற்ற வேண்டும், மறக்காதீர்கள். உள்ளே நுழைந்ததும் மூன்று இலக்க எண்ணைத் தட்டினால் அந்த அமைப்புக்குப் போகலாம். போனோடு வரும் ஓவர்லே அட்டையை விசைகள் மேல் வைத்தால் எந்தப் பட்டன் அடுத்தது, எது தேர்வு, எது சேமிப்பு என்று தெரியும். பெரும்பாலும் எஸ்.பி. போன் பட்டன் அடுத்ததற்கு, ஆட்டோ ஆன்ஸர் பட்டன் தேர்வுக்கு, ஸ்டோர் பட்டன் சேமிக்க. சேமிக்காமல் அடுத்ததற்குப் போனால் மாற்றம் பதியாது. கம்ப்யூட்டரில் செய்ய மென்பொருளும் உண்டு. எட்டு போனுக்கு அது தேவையே இல்லை.

400: எந்த வெளி லைன் துளையில் உண்மையில் கம்பி இருக்கிறது என்று சொல்லும் இடம். உங்களிடம் இரண்டே லைன் இருந்தால் மூன்றாவதை "இணைக்கவில்லை" என்று வைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் 9 அழுத்தும்போது பெட்டி அந்தக் காலித் துளையைப் பிடித்துக் கொடுக்கும், காதில் மயான அமைதி. "சில நேரம் டோன் வருது, சில நேரம் வரல" என்ற புகாரில் பாதி இதுதான்.

401: டயல் முறை. டி.டி.எம்.எஃப்., அதாவது டோன் முறை, என்று வையுங்கள். பல்ஸ் முறை கருப்பு ரோட்டரி போன் காலத்தோடு போய்விட்டது.

405, 406, 407: எந்தப் போன் எந்த லைனில் வெளியே போகலாம். 405 பகலுக்கு, 406 இரவுக்கு, 407 மதிய உணவு நேரத்துக்கு. காகிதத்தில் போட்ட கட்டத்தை அப்படியே ஏற்றுங்கள். இரவுக் கட்டத்தில் வாட்ச்மேன் போனுக்கு ஒன்றாம் லைனைத் திறந்துவிடுங்கள். தீப்பிடித்தால் அவர் கூப்பிட வேண்டாமா?

ஏற்றியபின் முன்மேசையில் 9 அழுத்தி எந்த லைனின் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். மூன்று லைனுக்கும் அனுமதி உள்ள போனில் பெட்டி முதலில் ஒன்றாம் லைனைப் பிடித்தால், மேலே சொன்ன மோதல் வரும். அப்படியானால் அந்த ஆட்கள் 9-ஐ விட்டுவிட்டு மூன்றாம் லைன் பட்டனை நேரே அழுத்தப் பழகட்டும், அல்லது கம்பிகளை இடம் மாற்றி, போர்டு எண்ணைக் கடைசித் துளையில் செருகுங்கள். துளை 1-இல்தான் போர்டு எண் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. இடம் மாற்றினால் காகிதக் கட்டத்திலும், இனி ஏற்றும் எல்லா அமைப்பிலும் துளை எண்ணையே பின்பற்றுங்கள்.

408, 409, 410: எந்த லைன் வந்தால் எந்தப் போன் அடிக்கும். அதே வரிசையில் பகல், இரவு, மதியம். 411 முதல் 413 வரை: எத்தனை வினாடி கழித்து அடிக்கும்.

இந்தத் தாமத மணியை நான் மிகவும் விரும்புகிறேன், ஆனால் பலர் பயன்படுத்துவதில்லை. எட்டுப் போனும் ஒரே நேரத்தில் அடித்தால் என்ன நடக்கும்? ஒவ்வொருவரும் இன்னொருவர் எடுப்பார் என்று இருப்பார்கள். அல்லது இருவர் ஒரே நேரத்தில் எடுப்பார்கள். ஒரே ஒரு போன் மட்டும் அடித்தால், முன்மேசைப் பெண் குளியலறைக்குப் போனாலும் அழைப்பு செத்தது. ஆகவே பகலில் லைன் 1, 2 இரண்டும் முன்மேசையில் உடனே அடிக்கட்டும். 10 வினாடி கழித்து லோடு மேசையிலும் சேர்ந்து அடிக்கட்டும். 15 வினாடியில் முதலாளி மேசை. நம் மணியின் ஒரு சுற்று 3 வினாடி என்பதால் 10 வினாடி என்றால் ஏறத்தாழ மூன்று மணி. மூன்றாம் மணிக்குள் முன்மேசை எடுக்கவில்லையென்றால் ஆள் இல்லை என்று பொருள்.

முதலாளி மேசையில் மணி அடித்தால் அன்று யாரோ வேலையில் கவனமில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்கு இந்த அமைப்பு மிகவும் பிடித்துப்போயிற்று.

லைன் 3 முன்மேசையில் மட்டும் அடித்தால் போதும். மதிய நேரத்தில் கணக்கு மேசையைச் சேருங்கள். இரவில் வாட்ச்மேன் அறை.

414, 415, 416: வரும் லைனை எப்படி நடத்துவது. வந்தபடி "நார்மல்", அதாவது மேலே சொன்ன மணிக் கட்டத்தின்படி அடிக்கும். இதை மாற்றி ஒரு லைனை ஒரே போனுக்கு நேராக அனுப்பலாம், முதலாளியின் தனி எண் என்று ஒன்று இருந்தால் அதற்குச் சரி. அல்லது டிசா என்ற முறையில், "லோடுக்கு 1 அழுத்தவும், கணக்குக்கு 2 அழுத்தவும்" என்று பதிவுக் குரல் பேசச் செய்யலாம்.

எனக்கு முட்டை வியாபாரத்துக்கு டிசா வேண்டாம். விலை கேட்க அடிப்பவர் குரல் பதிவைக் கேட்கப் பொறுமை இல்லாதவர். அதோடு கூடுதல் அட்டை போடாத பெட்டியில் ஒரு நேரத்தில் ஒரு அழைப்புக்குத்தான் அந்தக் குரல் பதில் சொல்லும். மருத்துவமனை, பள்ளி அலுவலகம் என்றால் கதை வேறு. டிசா வைத்தால், அதன் வழியாக வெளியே இன்னொரு லைன் பிடிக்கும் வசதியை மூடுங்கள், அல்லது நீளமான பாதுகாப்பு எண் கொடுங்கள். வெளியிலிருந்து யாரோ உள்ளே நுழைந்து உங்கள் லைனில் இரவெல்லாம் வெளிநாட்டுக்குப் பேசினால் பில் உங்கள் பெயரில்தான் வரும்.

கீ போன் பட்டன்களும் ஹோல்டும்

ஒவ்வொரு கீ போனிலும் மூன்று பட்டன்களை மூன்று லைனுக்கு ஒதுக்கி, எல்லாப் போனிலும் ஒரே வரிசையில் வையுங்கள். விளக்குப் பாஷை எளிது. பச்சை நிலையாக எரிந்தால் நீங்கள் பேசுகிறீர்கள். சிவப்பு நிலையாக எரிந்தால் வேறு யாரோ. சிவப்பு வேகமாகச் சிமிட்டினால் அழைப்பு வருகிறது. மெதுவாகச் சிமிட்டினால் ஹோல்டில் இருக்கிறது: பச்சை என்றால் நீங்கள் போட்ட ஹோல்டு, சிவப்பு என்றால் மற்றவர் போட்டது.

முன்மேசைப் பெண் ஹோல்டு அழுத்திவிட்டு, "அண்ணா, ரெண்டாம் லைன்ல கொச்சின் பார்ட்டி" என்று குரல் கொடுத்தால் போதும், லோடு மேசைக்காரர் சிமிட்டும் பட்டனை அழுத்திப் பேசிவிடலாம். டிரான்ஸ்ஃபர் எதுவும் வேண்டாம். சின்ன அலுவலகத்தில் லைனைப் பகிர்வதன் முழு சுகம் இதுதான். ஹோல்டை இருமுறை அழுத்தினால் அது தனி ஹோல்டு, போட்டவர் மட்டும்தான் எடுக்க முடியும். முதலாளிக்கு மட்டும் இதைச் சொல்லிக் கொடுங்கள். எல்லோருக்கும் சொன்னால் டீ குடிக்கப் போனவர் கதை திரும்பும்.

சாதாரண போனில் இந்த விளக்குகள் இல்லை. ஃபிளாஷ் பட்டனை, அது இல்லாத போனில் ஹுக்கை லேசாக ஒருமுறை, அழுத்தினால் அழைப்பு ஹோல்டில் போகும். பிறகு 203 அழுத்திவிட்டு வைத்துவிட்டால் லோடு மேசைக்குப் போய்விடும். பக்கத்து மேசையில் அடிப்பதை இங்கிருந்தே எடுக்கவும் ஓர் எண் உண்டு, உங்கள் எண் திட்டத்துக்கு அது எது என்று கையேட்டில் பாருங்கள். இந்த இரண்டை மட்டும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கையேட்டில் இன்னும் நூறு வசதி இருக்கும், ஒருவரும் பயன்படுத்த மாட்டார்கள்.

எஸ்.டி.டி. பூட்டு

இதில் ஒரு வழுக்குப்பாறை இருக்கிறது. "கைப்பேசிக்குப் போகலாம், எஸ்.டி.டி. போகக் கூடாது" என்று சிலர் கேட்பார்கள். இரண்டும் 0-வில்தான் தொடங்குகின்றன. சரி, அடுத்த எண்ணைப் பார்த்துப் பிரிக்கலாமே என்றால், பெங்களூர் 080, விஜயவாடா 0866. கைப்பேசி எண்ணும் 8-இல் தொடங்கும். முதல் இரண்டு மூன்று எண்ணை வைத்துச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. இன்று பெரும்பாலான லேண்ட்லைன் திட்டங்களில் உள்நாட்டு அழைப்புக்குத் தனிக் காசும் இல்லை. ஆகவே நான் தடை செய்வது 00 ஒன்றைத்தான், அதாவது வெளிநாட்டு அழைப்பு. அது முதலாளி போனைத் தவிர எல்லாவற்றிலும் மூடியிருக்க வேண்டும். எந்தத் தடையிலும் 112-உம் 108-உம் சிக்கிக்கொள்ளாமல் அடித்துப் பாருங்கள். அடித்ததும் சோதனை என்று சொல்லி நன்றி கூறி வையுங்கள், சும்மா வெட்டிவிடாதீர்கள்.

இங்கே நிஜமாகக் காக்க வேண்டியது காசை அல்ல, லைனின் நேரத்தை. வெளி அழைப்புக்கு நேர வரம்பு வைக்கும் வசதி இந்தப் பெட்டியில் உண்டு. கிடங்குப் போனுக்கு அதை வைத்தோம். வீட்டுக்குப் பேசுவது சுருங்கியது.

மாட்டிக்கொள்ளும் லைன்

எதிர்முனை வைத்துவிட்டது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? உள்ளே பேசுபவர் வைத்தால் பிரச்சினை இல்லை, பெட்டி உடனே லைனை விடும். ஆனால் ஹோல்டில் இருந்தவர் சலித்து வைத்துவிட்டால்? அல்லது வந்த அழைப்பை முதலாளியின் கைப்பேசிக்கு இன்னொரு லைன் வழியாகத் திருப்பியிருந்தால்? அப்போது உள்ளே வைக்க ஆளே இல்லை. எக்ஸ்சேஞ்ச் லைன் மின்னோட்டத்தை ஒரு கணம் துண்டித்துச் சைகை கொடுத்தால் பெட்டி புரிந்துகொள்ளும். பல லைன்களில் அந்தச் சைகை வராது, பிஸி டோன் மட்டும் வரும். நம் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், 0.75 வினாடி ஒலி, 0.75 வினாடி அமைதி. பெட்டி அதைக் கவனிக்கவில்லையென்றால் இரண்டு லைனும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு யாரும் பேசாமலே பிஸியாகக் கிடக்கும்.

முதலாளி வெளியூரில் இருக்கும்போது அழைப்பை அவர் கைப்பேசிக்குத் திருப்ப வேண்டுமென்றால் பெட்டியில் செய்யாதீர்கள். லைன் கொடுத்தவரின் திருப்பும் வசதியில் செய்யுங்கள். அப்போது அழைப்பு எக்ஸ்சேஞ்சிலிருந்தே திரும்பிவிடும், உங்கள் லைன் ஒன்றுகூடப் பிடிபடாது. பெட்டியில் செய்தே ஆக வேண்டுமென்றால், வெளியிலிருந்து வெளிக்குப் போகும் அழைப்புக்கு நேர வரம்பு இருக்கிறதா என்று பார்த்து அதைக் குறைவாக வையுங்கள்.

காலர் ஐடி வரவில்லை என்ற புகார் அடுத்தபடி. இந்தப் பெட்டிக்கு அதற்குத் தனி அட்டை வேண்டும். அட்டை போட்டும் எண் வரவில்லையென்றால், லைன் எண்ணை அனுப்பும் முறையும் அட்டை எதிர்பார்க்கும் முறையும் வேறு. டி.டி.எம்.எஃப்., எஃப்.எஸ்.கே. என்று இரண்டு உண்டு. செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறிய மறுநாள் காலர் ஐடி நின்றுவிட்டது என்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசிச் சோதனை

மூன்று கைப்பேசிகளை வைத்துக்கொண்டு நாங்கள் செய்தது இதுதான். முதல் கைப்பேசியிலிருந்து போர்டு எண்ணுக்கு அடித்து எடுத்துப் பேச்சில் வைத்தோம். இரண்டாவதிலிருந்து அதே எண்ணுக்கு அடித்தோம், லைன் 2 அடித்தது, அதையும் எடுத்தோம். மூன்றாவதிலிருந்து அடித்தோம், ஹன்டிங் லைன் 3-க்குத் தாவி முன்மேசையில் அடித்தது. பிறகு கணக்கு மேசையில் 9 அழுத்தினால் பிஸி டோன் வர வேண்டும், வந்தது. லைன் 3-ஐ விட்டதும் அதே மேசைக்குக் கிடைத்தது, வேறு லைன் கிடைக்கவில்லை. முன்மேசையில் யாரும் எடுக்காமல் விட்டுப் பத்தாம் வினாடியில் லோடு மேசை சேர்ந்து அடிக்கிறதா என்று பார்த்தோம். பெட்டியை இரவு முறைக்கு மாற்றி வாட்ச்மேன் அறையில் மணி கேட்டோம்.

பிறகு மெயின் சுவிட்சை அணைத்தோம். யு.பி.எஸ். தாங்கியது. யு.பி.எஸ்.ஸும் தீர்ந்தால், பெட்டிக்கு மின்சாரமே இல்லாதபோது வெளி லைன் 1 நேராக ஒன்றாம் ஜாக்குக்கு இணையும். ஆனால் அங்கே இருப்பது கீ போன், அது பெட்டியின் மின்சாரம் இல்லாமல் உயிர் பெறாது. அதனால் அதே ஜாக்கில் ஒரு மலிவான சாதாரண போனை இணையாக மாட்டி மேசைக்கு அடியில் வைத்தோம். செம்பு லைனாக இருந்தால்தான் இதற்கு முழுப் பலன். ஃபைபரில் ஓ.என்.டி.க்கு மின்சாரம் இருக்கும்வரைதான்.

கட்டம் போட்ட தாளைக் கிழித்தெறியாமல் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். புதுக் கடவு எண்ணை அதில் எழுதவில்லை, முதலாளியிடம் தனியாகக் கொடுத்தேன். அந்த வாரமே விலை மாறிய ஒரு நாளில் போன் செய்தார். "இன்னிக்கு ஒருத்தருமே எங்கேஜ்டுன்னு சொல்லலைங்க" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா என் மேசையில நாலு தரம் மணி அடிச்சுதுங்க. முன்மேசையில யாரு இல்லைன்னு பார்க்கறேன்" என்றார்.